முகமூடியைக் கடைசியில் வாங்குங்கள்: கொம்மேதியா தெல்லார்த்தே கற்க இத்தாலி போகிறவர்களுக்கு

இத்தாலியின் பழைய முகமூடி நாடகமான கொம்மேதியா தெல்லார்த்தேயை அதன் ஊரிலேயே போய்க் கற்க வேண்டும் என்று இரண்டு வருடம் முயன்றேன். முதல் வருடம் விசா கிடைக்கவில்லை, பயிற்சிக்குக் கட்டிய முன்பணமும் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் கிடைத்தது. வட இத்தாலியில் நான்கு வாரம் இருந்து பயின்று, ஒரு தோல் முகமூடியோடு சென்னை வந்து சேர்ந்தேன்.

எனக்குத் தெரிந்தவர்களில் யாரும் இந்த வழியில் போனதில்லை. எதை முதலில் செய்வது, எந்தக் காகிதம் யாரிடம் கேட்பது, எவ்வளவு பணம் கையில் வைத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றுக்கும் தடுமாறினேன். நீங்கள் அப்படித் தடுமாற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டோடு, 90 நாளுக்கு உட்பட்ட பயிற்சிக்குப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

1. பாத்திரங்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போதே "எந்தப் பாத்திரத்தில் ஆர்வம்?" என்று கேட்பார்கள். தெரியாமல் எழுதினால் நான்கு வாரமும் உங்கள் உடம்புக்கு ஒவ்வாத ஒன்றோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

இந்த நாடகத்தில் எழுதி வைத்த வசனம் கிடையாது. யார் எப்போது மேடைக்கு வருகிறார், எதற்காக வருகிறார் என்று மட்டும் குறித்த ஒரு தாள் இருக்கும். அதைக் கனவாச்சோ என்பார்கள். மீதி எல்லாம் நடிகர்கள் அந்தந்த நேரத்தில் உருவாக்குவது. கதை மாறும், பாத்திரங்கள் மாறமாட்டார்கள். பந்தலோனே வந்து நின்றாலே அவர் பணத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கிழவர் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

வேலைக்காரர்களுக்குப் பொதுப்பெயர் ட்ஸான்னி. ஓயாத பசி, முழங்கால் மடங்கிய நடை, நீண்ட மூக்கு. மூக்கு எவ்வளவு நீளமோ அவ்வளவு மந்தம் என்பது வழக்கு. இந்தக் கூட்டத்திலிருந்துதான் பெர்கமோ ஊரின் இருவர் வருகிறார்கள். மேல்நகரத்துப் பிரிகெல்லா தந்திரக்காரன், பச்சைக் கரை வைத்த வெள்ளை உடை. கீழ்நகரத்து அர்லெக்கீனோ ஒட்டுத்துணி உடையோடு துள்ளிக்கொண்டே இருப்பவன். அவன் முகமூடியின் நெற்றியில் ஒரு புடைப்பு இருக்கும். இடுப்பில் செருகியிருக்கும் பதோச்சோ என்ற மட்டை இரண்டு மரப்பட்டைகளால் ஆனது, மெல்லத் தட்டினாலே 'பட்' என்று பெரிய சத்தம் வரும்.

கிழவர்களில் ஒருவர் வெனிஸ் வணிகர் பந்தலோனே. சிவப்பு உடை, கறுப்பு மேலங்கி, வளைந்த மூக்கு, இடுப்பில் தொங்கும் பணப்பை. இன்னொருவர் பொலோஞ்ஞா ஊரின் தொத்தோரே, சட்டம் படித்தவர், எதைக் கேட்டாலும் தப்பும் தவறுமான லத்தீனில் நீளமாகப் பேசுவார். அவருடைய முகமூடி நெற்றியையும் மூக்கையும் மட்டும் மூடும். வாயால் வீரம் பேசி, ஆபத்து வந்தால் ஓடிவிடும் படைவீரன் கப்பித்தானோ. நேப்பிள்ஸ் பக்கத்துப் புல்ச்சினெல்லா வெள்ளைத் தொளதொள உடையும் கறுப்பு முகமூடியும் கூனுமாக வருவான்.

காதலர்களுக்கு முகமூடி இல்லை. இன்னமொராத்தி என்று பெயர். அழகான தஸ்கானிய இத்தாலியனில் பேசுவார்கள். வேலைக்காரி கொலொம்பீனாவும் பெரும்பாலும் முகமூடி அணிவதில்லை. முகமூடி போட்டுப் பழக வேண்டும் என்று போகிறவர்கள் இந்த இரண்டையும் விருப்பமாக எழுதிவிடாதீர்கள். என்னோடு பயின்ற ஒருவர் அப்படி எழுதிவிட்டு, முதல் வாரம் முழுக்க மற்றவர்கள் முகமூடி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2. பாத்திரத்தை உடம்பு முடிவு செய்யட்டும்

வருகிறவர்களில் பாதிப் பேர் அர்லெக்கீனோதான் வேண்டும் என்பார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். அந்தப் பாத்திரம் தொடையையும் முழங்காலையும் பிழிந்துவிடும். முதுகின் கீழ்ப்பகுதி உள்வாங்கி, முழங்கால் மடங்கி, தலை முன்னால் நீண்டு, அதே நிலையில் குதிக்கவும் சுழலவும் வேண்டும்.

எனக்குப் பொருந்தியது பந்தலோனே. நான் ஐந்தடி உயரப் பெண். இப்போதைய பயிற்சிகளில் ஆண் பாத்திரம் பெண் பாத்திரம் என்ற பிரிவு பார்ப்பதில்லை. மூன்றாம் நாள் ஆசிரியர் என் அடிவயிற்றுக்கு நேராகக் கையை நீட்டி, "இங்கே ஒரு கயிறு உன்னைப் பின்னால் இழுக்கிறது" என்றார். இடுப்பை உள்ளே இழுத்தேன், முதுகு தானாக வளைந்தது. முழங்கால் வெளிப்பக்கம் விரிந்தது, கழுத்து முன்னால் வந்தது. கை தானாகப் பணப்பை இருக்கும் இடத்துக்குப் போனது. அப்புறம் கால் மட்டும் வேகமாகக் குட்டிக் குட்டி அடி வைத்தது, மேல் உடம்பு அசையவில்லை. யாரும் எனக்கு 'கஞ்சத்தனம்' என்று சொல்லித் தரவில்லை, அந்த நிற்கும் முறையே அதைக் கொண்டுவந்தது.

தொத்தோரேவுக்குக் குதிகாலில் எடை, வயிறு முன்னால், சின்ன அடிகள். கப்பித்தானோவுக்கு நெஞ்சு நிமிர்ந்து நீண்ட எட்டு, பயம் வந்ததும் அப்படியே சுருங்கும். காதலர்கள் தரையில் கால் பதியாதவர்கள் போல, நுனிக்காலில் மிதப்பார்கள்.

போவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே தினம் பத்து நிமிடம் அரைமண்டி நிலையில் நின்று பழகுங்கள். பரதமோ கூத்தோ பழகியவர்களுக்குத் தொடைபலம் கைகொடுக்கும். ஆனால் அந்த அடவுகள் கேட்காமலே உள்ளே வந்துவிடும். எனக்குக் கட்டியக்காரனின் பேச்சுத் தாளம் நாக்கில் இருந்தது. கட்டியக்காரன் நம்மோடு நின்று கதையை அறிமுகம் செய்பவன். ட்ஸான்னிக்கு அந்த அகலமான பார்வை கிடையாது, அவனுக்குத் தெரிந்தது தன் பசி மட்டும்தான். இதைப் பிரித்து உணர எனக்கு ஒரு வாரம் ஆனது.

கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம்: பாதி முகமூடிக்குள் கண்ணாடி நிற்காது. கான்டாக்ட் லென்ஸ் பழகிக்கொண்டு போங்கள். அங்கே போய்ப் பழகலாம் என்று நினைக்காதீர்கள், வியர்வையில் கண் எரியும்.

3. பயிற்சியைத் தேடுவது: ஜனவரியில் தொடங்குங்கள்

பெரும்பாலான குறுகிய பயிற்சிகள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடக்கும். ஜூலைப் பயிற்சிக்கு ஜனவரியிலேயே விண்ணப்ப வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ரெஜ்ஜோ எமிலியாவில் அந்தோனியோ ஃபாவா நடத்திவரும் பயிற்சி உலகெங்கும் அறியப்பட்டது. வெனிஸ், பதுவா, மிலான் பக்கங்களிலும் சிறிய குழுக்கள் நடத்துகின்றன. நான் போனது அப்படி ஒரு சிறிய குழு.

பிப்ரவரி 25 கொம்மேதியா தெல்லார்த்தேயின் உலக நாள். 1545இல் பதுவாவில் நடிகர்கள் சேர்ந்து ஒப்பந்தம் எழுதிய தேதி அது. அந்த நாளை ஒட்டிப் பல குழுக்கள் நிகழ்ச்சிகளும் செய்முறை விளக்கங்களும் நடத்துவார்கள். ஆசிரியர் எப்படிச் சொல்லித் தருகிறார் என்று காணொளியில் பார்க்க அது நல்ல சந்தர்ப்பம்.

பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? எந்த மொழியில்? முகமூடிகள் அவர்களே தருவார்களா? ஒரு முகமூடியை எத்தனை பேர் பகிர்ந்துகொள்வார்கள்? விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காதது என் முதல் வருடத் தவறு.

ஆங்கிலத்தில் நடக்கும் பயிற்சி என்றாலும் கொஞ்சம் இத்தாலியன் படித்துக்கொள்ளுங்கள். மேடையில் உங்கள் தாய்மொழியிலோ பொருளற்ற ஒலிகளிலோ பேச விடுவார்கள். அந்த ஒலிப்பேச்சுக்கு கிரம்மெலோ என்று பெயர். நான் தமிழிலேயே பேசினேன், பந்தலோனே வட்டிக்கணக்குப் போடும் இடத்தில் எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் வீட்டுக்காரரோடும் பயணச்சீட்டு அலுவலகத்திலும் கிரம்மெலோ உதவாது.

4. அழைப்புக் கடிதமும் நம் பெயரும்

தமிழர்களுக்கு என்றே உள்ள கண்ணி இது. முதல் முறை நான் விழுந்தது இங்கேதான்.

நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இருக்கும் கட்டம் காலி. எல்லாம் பெயர்க் கட்டத்திலேயே இருக்கும். இத்தாலியப் படிவத்தில் பெயர், குடும்பப்பெயர் இரண்டையும் நிரப்பாமல் மேலே போக விடாது. உதாரணத்துக்கு, பாஸ்போர்ட்டில் 'கயல்விழி செல்வராஜ்' என்று பெயர்க் கட்டத்தில் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிப் படிவத்தில் 'செ' என்ற தலைப்பெழுத்தைக் குடும்பப்பெயராகப் போட்டால் அழைப்புக் கடிதம் ஒரு பெயரில் வரும். விமானச்சீட்டு இன்னொரு பெயரில் இருக்கும். காப்பீடு மூன்றாவது பெயரில். என் மூன்று காகிதத்திலும் மூன்று பெயர் இருந்தது.

செய்ய வேண்டியது: பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்து பயிற்சி நடத்துபவருக்கு அனுப்புங்கள். "என் பெயரை இதில் உள்ள வரிசையிலேயே, எழுத்துக்கூட கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள்" என்று கேளுங்கள். நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டிலேயே குடும்பப்பெயரைப் பிரித்து எழுதி வாங்குவது நிரந்தரத் தீர்வு.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பயிற்சியின் தொடக்க, முடிவுத் தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், நடக்கும் இடத்தின் முழு முகவரி, கட்டணம் எவ்வளவு, எவ்வளவு கட்டியாகிவிட்டது, நடத்தும் அமைப்பின் வரி எண், கையொப்பம், தொலைபேசி. "எங்கள் பயிற்சிக்கு அன்போடு வரவேற்கிறோம்" என்று மூன்று வரியில் வரும் கடிதம் போதாது. எனக்கு முதலில் வந்தது அதுதான். நாடகக்காரர்கள் நல்லவர்கள், காகித வேலையில் அவசரப்படுபவர்கள். கூச்சப்படாமல் திருத்திக் கேளுங்கள், நீங்களே ஒரு மாதிரி எழுதி அனுப்பினால் இன்னும் வேகமாக வரும்.

5. பணம் அனுப்புவது

நான் சென்ற நான்கு வாரப் பயிற்சிக்கு 1,300 யூரோ. முன்பணமாக 300 கேட்டார்கள். வங்கியில் ஏ2 படிவம் நிரப்பி, வெளிநாட்டுக்கு அனுப்பும் வழியில் அனுப்ப வேண்டும். பான் அட்டை, அழைப்புக் கடிதம், கட்டண ரசீது கேட்பார்கள்.

இடையில் இருக்கும் வங்கிகள் தங்கள் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. 300 யூரோ அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது 282. தொகை குறைந்ததால் இடம் உறுதியாகவில்லை என்று பத்து நாள் கழித்துத்தான் சொன்னார்கள். படிவத்தில் 'எல்லா வங்கிக் கட்டணமும் அனுப்புபவர் பொறுப்பு' என்ற தேர்வு இருக்கும், அதைக் குறியுங்கள். காரணம் எழுதும் இடத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் பயிற்சியின் பெயரையும் எழுதுங்கள். பணம் அனுப்பியதற்கு வங்கி தரும் ஸ்விஃப்ட் நகலைப் பத்திரப்படுத்துங்கள், விசாவுக்கு அது நல்ல சான்று.

6. விசா

90 நாளுக்குள் என்றால், இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா. பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிவு சொல்ல 15 நாள், சில சமயம் 45 நாள் வரை போகும். சென்னை விண்ணப்ப மையத்தில் ஏப்ரல், மே மாதங்களில் கோடை விடுமுறைக் கூட்டத்தால் நேரம் கிடைப்பது கஷ்டம். ஜூலைப் பயிற்சிக்கு மார்ச் கடைசியில் விண்ணப்பித்துவிடுங்கள்.

கட்டணம் 90 யூரோ, 2024 ஜூனில் 80இலிருந்து கூடியது. ரூபாயில் கட்ட வேண்டும். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தால் இது திரும்ப வராது.

பாஸ்போர்ட் கடந்த 10 வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், நீங்கள் திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். புகைப்படம் 35க்கு 45 மி.மீ. கூடவே வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல் நகல், வேலையிடத்திலிருந்து விடுப்புக் கடிதம், போக வர விமானப் பதிவு, தங்குமிடச் சான்று, காப்பீடு, நீங்களே எழுதும் விளக்கக் கடிதம்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்ல வேண்டும், உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்க வேண்டும். நடிப்புப் பயிற்சியில் கால் சுளுக்கினால் பணம் தருவார்களா என்றும் கேளுங்கள். சில திட்டங்களில் உடற்பயிற்சி, விளையாட்டுக் காயங்கள் விலக்கப்பட்டிருக்கும்.

பணம் எவ்வளவு காட்ட வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இத்தாலி தானே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தனியாகப் போய் 20 நாளுக்கு மேல் தங்குகிறவருக்கு நிலையான தொகை 206.58 யூரோ, அதோடு நாள் ஒன்றுக்கு 27.89 யூரோ. 30 நாளுக்கு 1,043.28 யூரோ. இது அடிமட்டம். உண்மையான செலவு இதைவிட அதிகம் ஆகும், கணக்கில் இரண்டு மடங்காவது காட்டுங்கள். விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன் யாரிடமோ வாங்கி மொத்தமாகப் போட்ட பணம் சந்தேகத்தைத்தான் தரும்.

விளக்கக் கடிதத்தில்தான் நாடகக்காரர்கள் சறுக்குவார்கள். கலை மீதான காதலைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். எனக்கு வந்த மறுப்புத் தாளில் பயணத்தின் நோக்கம் தெளிவாக நிறுவப்படவில்லை என்ற கட்டத்தில் டிக் இருந்தது. இரண்டாம் முறை ஒரே பக்கம். என்ன தொழில் செய்கிறேன், எத்தனை வருடமாக நாடகத்தில் இருக்கிறேன், இந்த நான்கு வாரத்தில் என்ன கற்பேன், திரும்பி வந்து எந்தக் குழுவோடு எந்த மாதம் பயன்படுத்துவேன், செலவை யார் ஏற்கிறார், எந்த வேலைக்குத் திரும்ப வேண்டும். பழைய நிகழ்ச்சிகளின் அழைப்பிதழும் படமும் இணைத்தேன். முன்பு மறுக்கப்பட்டதை மறைக்காமல் ஒரு வரியில் சொல்லி, இப்போது எதைச் சரிசெய்திருக்கிறேன் என்று எழுதினேன். 11ஆம் நாள் விசா வந்தது.

மறுப்பை எதிர்த்து ரோமில் உள்ள நிர்வாக நீதிமன்றத்துக்கு 60 நாளுக்குள் போகலாம். அதற்கு ஆகும் செலவையும் காலத்தையும் பார்த்தால், குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே எங்களைப் போன்றவர்களுக்கு நடைமுறை.

90 நாளுக்கு மேல் என்றால் தேசிய விசா. அது வேறு பாதை. அங்கே இறங்கிய 8 வேலைநாளுக்குள் தபால் நிலையத்தில் தங்கும் அனுமதிக்கான விண்ணப்பப் படிவங்கள் அடங்கிய உறையை வாங்கி நிரப்பித் தர வேண்டும். 12 மாதம் வரையிலான அனுமதிக்கு 40 யூரோ, அட்டைக்கு 30.46, முத்திரைக்கு 16, தபாலுக்கு 30 என்று மொத்தம் 116.46 யூரோ ஆகும்.

7. போய் இறங்கியதும்

ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஊர் வழியாகப் போனால் எல்லைச் சோதனை அங்கேயே முடிந்துவிடும், இத்தாலியில் யாரும் உங்களைப் பார்க்கமாட்டார்கள். அதனால் இத்தாலிக்கு வந்த 8 நாளுக்குள் உங்கள் வருகையைக் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். ஹோட்டலிலோ பதிவுபெற்ற விடுதியிலோ தங்கினால் அவர்களே பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிவார்கள், அந்தப் பதிவின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் வீட்டில் தங்கினால் நீங்களே குவெஸ்தூரா எனப்படும் காவல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். வீட்டுக்காரரும் 48 மணி நேரத்துக்குள் உங்களைத் தங்கவைத்திருப்பதைத் தெரிவிக்க வேண்டும்.

பயிற்சி வெனிஸில் என்றாலும் வெனிஸுக்குள் தங்க வேண்டாம். மெஸ்த்ரேவிலோ பதுவாவிலோ அறை பாருங்கள். பதுவாவிலிருந்து வெனிஸுக்கு ரயிலில் அரைமணி நேரம் போல ஆகும். காகிதச் சீட்டு வாங்கினால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள், மறந்தால் அபராதம். ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். வேலைநாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களுக்கு உத்தரவாதம் உண்டு. எங்கள் வகுப்பு 10 மணிக்கு. வேலைநிறுத்த நாட்களில் 8 மணி ரயிலில் போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்து நடை பழகினேன்.

வெனிஸில் படகுச்சீட்டு ஒருமுறைக்கு 9.50 யூரோ. நடந்தே போங்கள். சான் தோமா படகுத்துறைக்குப் பக்கத்தில் நாடகாசிரியர் கார்லோ கோல்தோனி பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது, ஒரு மதியம் ஒதுக்குங்கள்.

8. முகமூடி: கடைசி வாரத்தில்

இதைச் சொல்லத்தான் இவ்வளவும். பயிற்சி முடியும் தறுவாய் வரை முகமூடி வாங்காதீர்கள். முதல் வாரத்தில் ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இரண்டு வகையில் ஏமாறுவார்கள்.

ஒன்று, வெனிஸ் தெருக்கடை முகமூடிகள். பெரும்பாலும் காகிதக்கூழ் அல்லது பிளாஸ்டிக். அங்கே தொங்கும், முகம் முழுவதையும் மறைக்கும் பௌத்தாவும் நீண்ட அலகுள்ள கொள்ளைநோய் வைத்தியரும் திருவிழா முகமூடிகள், இந்த நாடகத்தின் பாத்திரங்கள் அல்ல. 'கொலொம்பீனா' என்று விற்கும் கண்மறைப்பும் அப்படித்தான். பல முகமூடிகள் வாயையும் மூடிவிடும், பேசி நடிக்க முடியாது. மேடைக்கு வேண்டியது மேலுதடு வரை வரும் பாதி முகமூடி.

இரண்டாவது, உங்களுடையது எந்தப் பாத்திரம் என்று தெரிவதற்கு முன்பே நல்ல தோல் முகமூடி வாங்கிவிடுவது. நான் முதல் வாரமே வாங்கியிருந்தால் இன்று என் வீட்டில் ஒரு அர்லெக்கீனோ சும்மா கிடந்திருக்கும்.

வாங்கும் முன் அபானோ தெர்மேவில் உள்ள முகமூடி அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பதுவாவுக்குப் பக்கம்தான். மறைந்துபோயிருந்த தோல் முகமூடிக் கலையை மீட்ட அம்லேதோ சர்தோரியும் (1915–1962) அவர் மகன் தொனாதோவும் (1939–2016) செய்தவை அங்கே இருக்கின்றன. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். ஒரே பந்தலோனேவுக்கு எத்தனை மூக்கு இருக்க முடியும் என்று அங்கேதான் பார்த்தேன்.

தோல் முகமூடி செய்ய முதலில் மரத்தில் முகத்தைச் செதுக்குவார்கள். நனைத்த தோலை அதன் மேல் இழுத்து ஆணியடித்து, கொம்புச் சுத்தியால் தட்டித் தட்டி மரத்தின் ஒவ்வொரு சுருக்கத்துக்குள்ளும் இறக்குவார்கள். காய்ந்ததும் கழற்றி, ஓரம் மடித்து, மெருகேற்றி, மெழுகு பூசுவார்கள். நான் போன பட்டறையில் ஒரு புருவத்துக்கு மட்டும் அரைமணி நேரம் தட்டினார் கைவினைஞர். உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், மழமழவென்று இருக்க வேண்டும், மூக்கின் வேர்ப்பகுதியில் உறுத்தக் கூடாது. போட்டுக்கொண்டு வாயைத் திறந்து கத்துங்கள், குதியுங்கள். கன்னம் இடித்தால் வேண்டாம்.

அளவுக்குச் செய்து வாங்குவதானால் இரு கருவிழிகளுக்கு இடையிலான தூரம், மூக்கின் மேற்பகுதி அகலம், நெற்றி முடியிலிருந்து மேலுதடு வரை உயரம், இரண்டு நெற்றிப்பொட்டுக்கு நடுவே அகலம் கேட்பார்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும், அதனால் பேச்சை மட்டும் இரண்டாம் வாரமே தொடங்கிவிடுங்கள். ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெரிய விடுமுறை. அதற்கு முன்னும் பின்னும் பல பட்டறைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். என்னுடையது பட்டறையில் தயாராக இருந்தது, 260 யூரோ கொடுத்தேன்.

ரசீது கட்டாயம் வாங்குங்கள். விலையில் 22 சதவீதம் வரி அடங்கியிருக்கிறது. 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் வெளிநாட்டவர் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம், ஆனால் அதற்கான படிவம் தரும் வசதி அந்தக் கடையில் இருக்க வேண்டும். சிறிய பட்டறைகளில் பெரும்பாலும் இருக்காது. இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில், பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்கத்தில் பதிய வேண்டும்.

9. முகமூடி போட்ட முதல் நாள்

இதற்குப் படிவம் ஏதும் இல்லை, ஆனாலும் முன்பே தெரிந்திருந்தால் நல்லது. போட்டதும் உலகம் இரண்டு காசு அளவுக்குச் சுருங்கிவிடும். பக்கத்தில் நிற்பவர் தெரியமாட்டார், படி தெரியாது. கண்ணால் தேடினால் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, முகமூடி செத்துக் கிடக்கும். மூக்கால் பார்க்க வேண்டும். மூக்கு எங்கே திரும்புகிறதோ அங்கேதான் பார்வையாளரும் பார்ப்பார்கள். ஈயைப் பிடித்துத் தின்னும் ட்ஸான்னியின் பழைய வேடிக்கை ஒன்று உண்டு, இத்தகைய துண்டுகளுக்கு லாட்ஸோ என்று பெயர். அதில் ஈயே கிடையாது, மூக்கு போகும் பாதையில்தான் ஈ பறக்கிறது.

பார்வையாளர் முன் முகமூடியைக் கையால் தொடாதீர்கள், சரிசெய்ய வேண்டுமென்றால் திரும்பிக்கொள்ளுங்கள். மூக்கைப் பிடித்துத் தூக்காதீர்கள். தரையில் முகம் கவிழ்த்து வைக்காதீர்கள். முதல் நாளே எங்கள் ஆசிரியர் கண்டிப்பாகச் சொன்னவை இவை.

10. ஊருக்குக் கொண்டுவருவது

முகமூடியைக் கைப்பையில் வையுங்கள், உள்ளே பருத்தித் துணியைப் பந்துபோல் அடைத்து, மூக்கு நசுங்காதபடி அட்டைப்பெட்டியில். பதோச்சோ மட்டை வாங்கியிருந்தால் அதைச் சரக்குப் பெட்டியில் போடுங்கள், பாதுகாப்புச் சோதனையில் மரத்தடி என்று பிடுங்கிவிடுவார்கள்.

சென்னை வெக்கையும் ஈரமும் தோலுக்கு ஆகாது. ஒவ்வொரு முறை போட்டபின்பும் உள்பக்க வியர்வையை உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். வெயிலில் வைத்தால் சுருங்கும், தண்ணீரில் கழுவினால் வடிவம் போய்விடும். பிளாஸ்டிக் பைக்குள் மூடி வைத்தால் மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் பூஞ்சை வரும், எனக்கு வந்தது. இப்போது அலமாரியில் ஒரு தலையளவு மரக்கட்டை மேல் மாட்டி, பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்றுகிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிப்பக்கத்தில் மட்டும் மெல்லிசாகத் தேன்மெழுகு தேய்க்கிறேன்.